வண்டிக் கொட்டாய்

எங்க காலனியில் எழுபது வூடு இருக்குது. எழுபதுக்கும் ஒரே ப்ளான். அந்த ப்ளானை எங்களில் ஒருத்தரும் கண்ணால் பார்த்தது கிடையாது. மேஸ்திரி வந்தார், முளை அடிச்சிக் கயிறு கட்டினார், கட்டி முடிச்சிட்டுப் போயிட்டார். அடுப்பு எங்க வெக்கணும், சன்னல் எந்தப் பக்கம் வேணும் என்று எங்களைக் கேட்கவும் இல்ல, கேட்பாங்க என்று நாங்க எதிர்பார்க்கவும் இல்ல. குடுத்ததே பெருசு என்று குடிபோனோம்.

அந்தக் காலனியிலிருந்து என் தம்பி தன் வண்டிக்குக் கொட்டாய் கட்ட ப்ளான் வரையணும் என்று கிளம்பினான். கேட்டவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எங்க நைனாவே சிரிச்சார். "மாட்டுக்கு நாலு கம்பு நட்டுக் கொட்டாய் போட்டோம். அதுக்கு எவன்டா ப்ளான் போட்டான்?"

சிரிப்பில் தொடங்கின விஷயம் எங்கெங்கோ போய் நின்றது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வானூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில், கழுவெளியை ஒட்டின கிராமம். நைனா மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருசம் பாத்தி மிதிச்சி, பலகை போட்டு உப்பு வாரினவர். காலில் இன்னமும் அந்த வெடிப்பு இருக்குது. நான் படிச்சி வாத்தியார் வேலைக்கு வந்தேன். தம்பி பத்தாவதோடு நின்று லாரிக்குக் கிளீனராகப் போய், டிரைவராகி, 2023ல் ஒரு பழைய குட்டியானையைத் தவணையில் வாங்கினான். டாட்டா கம்பெனி 2005ல் கொண்டுவந்த அந்தச் சின்ன லோடு வண்டிக்கு நம் சனங்க வெச்ச பேர் அது. உப்பு மூட்டை, கீத்து, காய்கறி, சாவு வீட்டுக்குப் பந்தல் சாமான் என்று எதைக் கேட்டாலும் ஏத்துவான். எங்க சேரியில் சொந்தமாக நாலு சக்கரம் வாங்கின மொத ஆள் அவன்தான்.

வண்டி வந்தது. நிறுத்த இடம் இல்ல. எங்க சந்து பத்தடி அகலம். ராத்திரியில் அங்கே நிறுத்தினால் ஆம்புலன்ஸ் வந்தாலும் போக முடியாது. அதனால் ஊர் முனையில், கோயில் எதிரே காலியாக இருக்கிற புறம்போக்கில் நிறுத்தினான். அங்கே ஊர்க்காரங்க டிராக்டர் நிற்கும், நெல் அறுக்கிற மிஷின் நிற்கும். ஒரு வாரம் யாரும் ஒண்ணும் சொல்லல. எட்டாம் நாள் ஒரு பெரியவர், "ஏம்பா, சாமிக்கு எதிர்ல வண்டிய வுடாத. வேற எடம் பாத்துக்க" என்றார். "டிராக்டர் நிக்குதே" என்று இவன் கேட்டான். "அது ஊர் வண்டி" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் ரெண்டு டயரில் காத்து இறங்கிக் கிடந்தது. அதுக்கடுத்த மாசம் பின்னால் விளக்கை உடைச்சிருந்தாங்க. யார் என்று தெரியாது. தெரிந்தாலும் சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள கணக்கு பழசு. 1901ல் ஒன்பது வயசுப் பையனாக அம்பேத்கர் தன் அண்ணனோடு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, என்ன சாதி என்று தெரிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஏத்திக்கொள்ளல. ரெண்டு மடங்கு வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வந்தான். இருபத்தெட்டு வருசம் கழிச்சி, 1929ல், அவர் வெளிநாட்டில் படிச்சித் திரும்பின பாரிஸ்டர். அரசாங்கக் குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்காவுனுக்கு வந்தார். அப்பவும் குதிரைவண்டிக்காரங்க அவரை வெச்சி ஓட்ட மாட்டேன் என்றாங்க. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தாங்க. ஓட்டிப் பழக்கம் இல்லாத நம் ஆள் ஒருத்தர் ஓட்டினார். பாலத்துக்கிட்ட வண்டி மோதி, அம்பேத்கர் கல்தரையில் விழுந்து கால் எலும்பு முறிஞ்சது. அன்றைக்கு வண்டி அவங்களுது, ஏத்த மாட்டேன் என்றாங்க. இன்றைக்கு வண்டி நம்முது, நிறுத்தக் கூடாது என்கிறாங்க.

"நம்ம வூட்டுலயே கொட்டாய் கட்டிடுறேன்" என்றான் தம்பி.

நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டால் போதாதா என்று நானும்தான் கேட்டேன். அவன் என்னை வூட்டுக்குள்ள கூப்பிட்டு மேலே காட்டினான். கூரையில் ஒரு முறம் அளவுக்குக் காங்கிரீட்டு பேந்து, துருப்பிடிச்ச கம்பி தெரிந்தது. அம்மா படுக்கிற இடத்துக்கு நேர் மேலே.

இந்த வூடு 1989ல் கட்டினது. 1985-86ல் தொடங்கின இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் ஒரு வூட்டுக்கு 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. உப்புக்காத்து அடிக்கிற கடலோரத்தில் கம்பிக்கு மேல் காங்கிரீட்டு மூடாக்கு கனமாக இருக்கணும், கலக்கிற தண்ணி நல்ல தண்ணியாக இருக்கணும். இந்தியத் தர விதி 456, 2000ஆம் வருசப் பதிப்பில், கடலோரக் கட்டடத்துக்குக் கம்பி மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு என்றும், கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. எங்க வூட்டுக் கூரையில் நான் ஸ்கேல் வெச்சிப் பார்த்தேன். பதினைந்து மில்லிமீட்டர்கூட இல்ல. தண்ணி எங்கிருந்து எடுத்தாங்க என்று அம்மாவைக் கேட்டேன். "அந்தக் குட்டைதான். வாயில வெக்க முடியாது, கரிக்கும்" என்றாள். வெளியிலிருந்து உப்புக்காத்து, உள்ளேயே உப்புத்தண்ணி. கம்பி துருப்பிடிச்சி ஊதும், ஊதினால் காங்கிரீட்டு பேந்துதான் விழும்.

திட்டத்தின் பேர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2011ல் பசுமை வீடு, 300 சதுர அடி. 2016லிருந்து பிரதமர் வீட்டுத் திட்டம், கொறஞ்சது 25 சதுர மீட்டர். 2024ல் கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி. அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது, மறுக்கல. ஆனால் நான் பார்த்த எந்தக் காலனி வூட்டிலும் தொழில் சாமானுக்கு என்று ஒரு மூலை கிடையாது. படுக்க இடம், அடுப்பு மூட்ட இடம். இவனுக்கும் ஒரு தொழில் இருக்கும், அதுக்கு ஏர், வலை, தையல் மிஷின், வண்டி என்று ஏதாச்சும் இருக்கும் என்கிற நெனப்பே அந்த ப்ளானில் இல்ல.

இதுக்கு நடுவில் எங்கம்மா ஒரு வார்த்தை சொன்னாள். எங்க வானூர் வட்டத்தின் தெற்குப் பக்கம்தான் ஆரோவில். 1968ல் ஏற்பட்டது. மழைக்காலத்தில் உப்பளம் நிற்கும்போது அம்மா அந்தப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போவாள். செங்கல் சுமந்து, கலவை தூக்கி எத்தனையோ வூட்டுக்கு வேலை செய்திருக்கிறாள். "அங்க ஒரு வூடு மாதிரி இன்னொரு வூடு இருக்காதுடா. ஒருத்தர் மரத்த வெட்டக் கூடாதுன்னு அத்த சுத்தி வூடு கட்டினாங்க. ஒருத்தருக்குப் படம் போட ஒரு ரூமு. எல்லாத்துக்கும் பெரிய காயிதத்துல வரைஞ்சி, காத்துல பறக்காம நாலு மூலையிலயும் செங்கல் வெப்பாங்க. அந்தச் செங்கல்ல எடுத்தாந்து வெச்சவ நானு" என்றாள். ப்ளான் என்றால் என்ன என்று எங்க வூட்டில் மொதலில் தெரிந்தவள் அவள்தான். அடுத்தவங்க ப்ளான்.

பக்கத்து டவுனில் ஒரு இஞ்சினியர் ஆபீசுக்குப் போனோம். பேர் வேணாம். நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "ஊரா, காலனியா?" என்று கேட்டார். சொன்னோம். அதுக்கப்புறம் 'வாங்க' என்றது 'வாப்பா' என்று ஆகிப்போச்சு. தம்பி கேட்டான், "சார், எப்ப வந்து எடத்த அளக்கறீங்க?" "அது எதுக்குப்பா? அளவ நீங்களே எழுதியாந்துடுங்க. கொட்டாய்தானே, ரெடியா ப்ளான் இருக்கு" என்றார். மூவாயிரம் ரூபாய் வாங்கினார்.

நாலு நாளில் தாள் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கார் நிறுத்துகிற கொட்டாய். வாசல் ஏழடி உசரம். குட்டியானையின் மேலே தம்பி வளையம் போட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கிறான், அது தரையிலிருந்து ஏழே முக்கால் அடி. ராத்திரி லோடு ஏத்தி விடியக்காலம் கிளம்பணும், மழை பேஞ்சால் உப்பு கரையும், லோடோடு வண்டி உள்ளே போகணும். இதை அவர் கேட்கவும் இல்ல, இவன் சொல்ல இடமும் கொடுக்கல. எங்க பத்தடிச் சந்து அந்தப் படத்தில் இருபதடி ரோடாக இருந்தது. கீழே கட்டத்தில் 'பயனாளி பெயர்' என்று போட்டு நைனாவின் பேரை எழுதியிருந்தார். அரசாங்கக் காசு ஒரு பைசா கிடையாது. தம்பி சொந்தக் காசில் கட்டுகிற கொட்டாய். காலனி என்றதும் பயனாளி என்று அவர் கை தானாக எழுதிவிட்டது.

நான் அந்தத் தாளை நைனாவிடம் காட்டல. சங்கடமாக இருந்தது.

எங்க அக்கா மவ அரசு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடிச்சவள். ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். வூட்டிலேயே ஆளை வெச்சிக்கொண்டு டவுனுக்கு ஓடினோம். பொண்ணுதானே, கொட்டாய் வேலை அவளுக்கு என்ன தெரியும் என்கிற நெனப்பு எங்களுக்குள்ளயும் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்ளணும். ஊரான் நம்மைக் கேட்காததைப் பற்றிப் பேசுகிற நாம் நம் வூட்டுப் பொண்ணைக் கேட்கல.

ஒரு ஞாயித்துக்கிழமை டேப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மொதலில் அளக்கல. திண்ணையில் உட்கார்ந்து டீ குடிச்சிக்கொண்டே ஒவ்வொருத்தரையும் கேட்டாள். "மாமா, வண்டிய எத்தன மணிக்கு எடுப்ப?" "ஆயா, நீ மொளகா எங்க காய வெப்ப? கொல்லைக்கு எந்தப் பக்கமா போவ?" "தாத்தா, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" நைனா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எண்பது வயசுக்கு அவர் வூட்டைப் பற்றி அவரை ஒருத்தர் கேள்வி கேட்டது அதுதான் மொத தடவை.

அப்புறம் அளந்தாள். மனை மூணு சென்ட்: முப்பதடி முகப்பு, நாற்பத்து மூன்றரை அடி ஆழம். அதில் வூடு பதிமூன்றடி அகலம். இடப்பக்கம் மூணடி, வலப்பக்கம் பதினாலடி. வண்டி ஐந்தடி அகலம், பன்னிரண்டரை அடி நீளம். ரெண்டு பக்கமும் கதவு திறந்து ஆள் இறங்கணும், அதனால் உள் அகலம் பத்தடி. பின்னால் ஜாக்கி, டயர், கயிறு வெக்க இடம் விட்டு நீளம் பதினெட்டடி. முக்காலடிச் சுவர் ரெண்டு பக்கமும் போனால் பதினொன்றரை அடி. மிச்சம் ரெண்டரை அடி, அது ஆயா கொல்லைக்குப் போகிற வழி. "ஆயா கொட்டாய்க்குள்ள பூந்து போவக் கூடாது, அதுக்குத் தனி வழி" என்றாள். வாசல் உசரம் எட்டரை அடி. பத்தடிச் சந்தில் குட்டியானை நேராகத் திரும்பி உள்ளே நுழைய முடியாது, அதனால் கொட்டாயைச் சந்திலிருந்து ஆறடி உள்ளே தள்ளினாள். விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பினால் புகை வூட்டுக்குள் வரக் கூடாது என்று வூட்டுப் பக்கம் ஓட்டையே வெக்காமல், எதிர்ச்சுவரில் மேலே ரெண்டு காத்து சன்னல் வெச்சாள்.

தரையைப் பற்றிப் பேச்சு வந்தபோது நைனா எழுந்துவிட்டார். உப்பு ஏத்தின வண்டியைத் தினம் நல்ல தண்ணியில் அடியிலிருந்து கழுவணும், இல்லாவிட்டால் ரெண்டே வருசத்தில் அரிச்சிப் போகும். கழுவின தண்ணி எங்கே போகும்? "கொல்லைப் பக்கம் வாழைக்கு வுட்டுடலாம் தாத்தா" என்றாள் பேத்தி. "அறிவு கெட்டவளே, உப்புத்தண்ணி வாழைய வெக்குமா? கை பம்பு அங்க இருக்குது, ஊறிப் போயி அதுவும் கரிக்கும்" என்றார் நைனா. கம்பால் தரையில் கோடு கிழிச்சார். பின்னாலிருந்து முன்னால் மூணு அங்குலம் சரிவு, பம்புக்கு எதிர்ப்பக்க மூலையில் ஒரு குழி. டியூபில் தண்ணி நிரப்பி மட்டம் பார்த்தாங்க. நைனா கண்ணால் சொன்ன சரிவுக்கும் டியூப் காட்டினதுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். நாற்பது வருசம் பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணி கட்டின கண்ணு. அந்த அறிவுக்கு உப்பளத்தில் நாள் கூலி போட்டாங்களே தவிர, இஞ்சினியரிங் என்று யாரும் பேர் வெக்கல.

பம்பாய் தாதரில் அம்பேத்கர் 1930களில் 'ராஜகிருகம்' என்ற வூட்டைக் கட்டினபோது மனசில் வெச்சது புத்தகங்களை. அவருடைய புத்தகங்களுக்கு இடம் வேணும், அதுக்கு ஏற்ற மாதிரி வூடு வேணும். என் தம்பிக்குக் குட்டியானைக்கு இடம் வேணும். தன் தேவை இன்னது என்று தானே சொல்லி, அதுக்கு அளவாகச் சுவர் எழுப்புகிற உரிமை என்ற வகையில் ரெண்டும் ஒண்ணுதான் என்று எனக்குப் படுகிறது.

ப்ளான் முடிஞ்சது. அனுமதிக்குப் போனோம். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல ஏற்பாடு கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3500 சதுர அடி வரைக்கும் குடியிருப்பு கட்ட, நாமே சான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். எங்க மனை மொத்தமே 1306 சதுர அடி. சுலபமாக முடியும் என்று நினைச்சோம். பட்டா எண் கேட்டது. எங்க பட்டாவை எடுத்தோம். பெட்டியில் முப்பத்தைந்து வருசமாக மடிச்சி வெச்சி, மடிப்பில் கிழிஞ்ச காயிதம். 1978ஆம் வருச அரிசன நலத் திட்ட நில எடுப்புச் சட்டத்தில் ஊர்க்காரர் ஒருத்தர் நிலத்தை அரசு எடுத்து, மனை பிரிச்சி, எங்களுக்குக் கொடுத்தது. காயிதம் எங்களிடம் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் உட்பிரிவு செய்யவே இல்ல. கணினியில் அந்த சர்வே எண்ணைப் போட்டால் பழைய நிலக்காரர் பேரே வருகிறது. எழுபது வூட்டுக்கும் அதே கதை. முப்பத்தைந்து வருசமாக இன்னொருத்தர் நிலத்தில் குடியிருக்கிறோம் என்று கணக்கு சொல்கிறது. எங்களுக்கே தெரியாது. கொட்டாய்க்கு ப்ளான் போடாமல் இருந்திருந்தால் இன்னும் முப்பது வருசம் தெரிந்திருக்காது.

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு எழுதின அறிக்கையில், பறையர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தம் இல்ல, மிராசுதாரர் நினைச்சால் வெளியேத்தலாம் என்கிற நிலையை எடுத்துச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 1892ல் வந்த ஆணையில்தான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கை மாறின என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10ந் தேதி காரணை நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தாங்க. நிலத்துக்குச் சண்டை என்றால் நமக்குக் காரணை ஞாபகம் வரும். பெட்டியில் மடிச்சி வெச்சிருக்கிற மூணு சென்ட் பட்டாவும் அந்தச் சண்டையின் ஒரு துண்டுதான் என்று எனக்குக் கொட்டாய் கட்டப் போய்த்தான் புரிந்தது.

எழுபது வூட்டுக்காரங்களையும் கூட்டிப் பேசினோம். உட்பிரிவு செய்யச் சொல்லி மொத்தமாக மனு எழுதினோம். அதோடு எங்க ப்ளானையும் இணைச்சோம். ஒரு அலுவலகத்தில் அதைப் பிரிச்சிப் பார்த்தவர், "காலனியில கேரேஜா?" என்று சிரிச்சார். தம்பி சிரிக்கல. "ஆமா சார். வண்டி இருக்குது, கேரேஜ் வேணும்" என்றான். அவர் சிரிப்பை நிறுத்திட்டு மனுவில் எண் போட்டுக் கொடுத்தார்.

மனுவோடு கொடுக்கிறதுக்கு முன்னால் ப்ளானில் கையெழுத்துப் போடணும். அக்கா மவ தாளை விரிச்சி நாலு மூலையிலும் செங்கல் வெச்சாள். செங்கல் எடுத்துவந்து கொடுத்தது எங்கம்மாதான். நைனா தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கத்துக்கொண்டவர். மெள்ள எழுத்துக் கூட்டுவார். கீழே கட்டத்தில் விரலை வெச்சி, "உ... ரி... மை... யா... ளர்" என்று படிச்சார். "இன்னாது?" என்று கேட்டார்.

"எடத்துக்குச் சொந்தக்காரர்னு அர்த்தம் தாத்தா. நீதான்."

"வூடு குடுத்தப்போ வேற என்னமோ எழுதி இருந்துச்சே."

"அது பயனாளி."

நைனா ஒண்ணும் சொல்லல. பேனாவை வாங்கி, கோணல்மாணலாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் கையெழுத்துப் போட்டார். அதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

கொட்டாய் இன்னும் எழும்பல. அளந்த இடத்தில் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி வண்டியை நிறுத்துகிறான் தம்பி. பின்சக்கரம் நிற்கிற இடத்தில் முளை அடிச்ச கயிறு அப்படியே இருக்குது. உட்பிரிவு அளக்க சர்வேயர் வரணும். வருவார் என்று எண் போட்ட துண்டுச்சீட்டை வெச்சிக்கொண்டு மாசத்துக்கு ரெண்டு தடவை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ரெண்டு விஷயம். உங்க காலனிப் பட்டா கணக்கில் ஏறியிருக்கிறதா என்று சர்வே எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்க. கட்டடம் படிச்ச நம் பிள்ளைங்க ஒவ்வொரு சேரியிலும் இருக்காங்க, ஒரு ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்காரச் சொல்லுங்க. மொதலில் அளக்க வேணாம். கேட்கச் சொல்லுங்க.

மனுவுக்குக் கொடுத்தது நகல்தான். அசல் தாளை மடிச்சிப் பட்டா வெச்சிருக்கிற பெட்டியில் வெக்கப் போனேன். நைனா தடுத்தார். "மடிக்காதடா. மடிச்சா கிழிஞ்சிப் போவும். சுருட்டி வை."

சுருட்டி, கூரை பேந்து விழாத பக்கமாக, மூலையில் சாத்தி வெச்சிருக்கோம்.